அப்பளம் அளவு கண்ணாடி

மார்கழிப் பனி காரின் மேல் தண்ணீர் ஊற்றினாற்போல் இறங்கியிருந்தது. முன்கண்ணாடி வெள்ளையாக மூடிக் கிடந்தது. "துடைச்சிட்டு எடுங்க" என்று பழைய வேட்டித் துணியை நீட்டினேன். எங்கள் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்!

"நான் என்ன கிளீனரா? சம்பந்தி வீட்டுக்குப் போற நேரத்துல கந்தலைப் பிடிச்சுக்கினு நிக்கச் சொல்றியா? எதிர்வீட்டுக்காரன் பார்த்தா சிரிப்பான்மா."

அம்பாசடர் வாங்கிய புதுசு. டிரைவர் அன்றைக்கு வரவில்லை. உள்ளங்கையால் அப்பளம் அளவுக்கு ஒரு வட்டம் தேய்த்துவிட்டு, அதன் வழியே எட்டிப் பார்த்தபடி ஓட்டினார். வைப்பர் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வள்ளென்று விழுவார்.

எங்கள் மகனுக்குப் பேசி முடித்த பெண் இந்திராணி. தை மாதம் கல்யாணம். பார்த்த நாளிலிருந்தே இவள்தான் என் வீட்டுக்கு வரவேண்டும் என்று தவம் கிடந்தேன். முகூர்த்தப் புடவையை அவளும் அவள் அப்பா வீரபத்திரனுமே நெய்வதாக ஏற்பாடு. ஊருக்கெல்லாம் நெய்கிறவர்கள், தங்களுக்கென்று தறி பூட்டுவது இதுதான் முதல் தடவை.

அவர்கள் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். ஜவுளிக்கடை முதலாளி ஆவதற்கு முன் எங்கள் வீட்டுக்காரரும் அங்கே கஞ்சி தடவியவர்தான். அதுகூடவா மறந்துபோகும்? தெருமுனையில் வண்டியை வேகமாக ஒடித்தார். "ஐயோ, பாவு! பாவு!" என்று யாரோ அலறினார்கள். பிரேக் போடுவதற்குள் காரின் மூக்கு அரக்கு நிறப் பட்டுக்குள் புகுந்துவிட்டது. இழைகள் பட்பட்டென்று அறுந்தன.

இந்திராணியின் முகூர்த்தப் பாவு அது.

கஞ்சிக் கையோடு வீரபத்திரன் ஓடிவந்தார். திட்டியிருந்தால் தேவலை. கையைக் கூப்பினார்.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சும் தெருவுல போட்டது எங்க தப்பு."

எங்கள் மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா?

"பரவாயில்ல. இனிமே பார்த்துப் போடுப்பா."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது. இன்னும் மானம் போக என்ன பாக்கி? பெண்ணின் அம்மா முந்தானையை எடுத்து எங்கள் கார்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"விடும்மா! தப்பு எங்களுது. இதைத் துடைக்க இவரு கௌரவம் பார்த்தாரு."

அவர் என்னை முறைத்தார். அவளோ பதறிப்போனாள். "அப்படிச் சொல்லாதீங்கம்மா. பொண்ணைக் குடுக்கிறவங்க நாங்க."

இந்திராணி தரையில் குந்தி, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"அத்தை, உங்க வீட்டுல ஆம்பளைங்க அறுத்தாலும் நாமதான் மன்னிப்புக் கேக்கணுமா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை வருஷமும் நான் வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்? அந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"தைக்கு இன்னும் நாள் இருக்கு, யோசிச்சுக்கோம்மா" என்றேன்.