நாத்தனாரின் குட்டி டிரெய்லர்

அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசு தங்கம், கை சுத்தம், ஆனால் அந்த வாய் மட்டும் எப்போதும் அவளுக்கு ஒரு தெரு முன்னால் போய் நின்றுகொண்டிருக்கும். இந்தக் கதையில் நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம்.

சலவை நிலையத்தில் இஸ்திரி போட்டுப் போட்டு அலுத்துப்போய், அரும்பாடுபட்டுக் கனரக வாகன லைசென்ஸ் வாங்கியிருந்தாள். சரக்குக் கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டது. அங்கே ஆளெடுப்பவர் தலைமை டிரைவர், மலை மாதிரி மனிதர். ஜன்னல் வழியாகச் சரக்கு ஏற்றி இறக்கும் யார்டைக் காட்டினார். ஆளுயர மேடை ஒன்றில் லாரிகள் முதுகைக் கொடுத்து வரிசையாக நின்றன.

"டிரெய்லர் லாரிய ரிவர்ஸ்ல கொண்டுபோய் அந்த மேடையில அணைக்கணும். வருமா?"

"ரிவர்ஸா? அதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு சார்" என்றது வாய்.

"அப்ப திங்கக்கிழமை காலையில வாங்க, ஓட்டிக் காட்டுங்க. ஒழுங்கா அணைச்சுட்டா வேலை உங்களுக்குத்தான்."

உண்மை என்னவென்றால், பயிற்சிப் பள்ளியில் அவள் ஓட்டியது முன்னும் பின்னும் ஒரே உடம்பாக இருக்கும் லாரி. இழுக்கிற தலை தனி, இழுபடுகிற பெட்டி தனி என்று இடுப்பில் ஒடிகிற டிரெய்லரை அவள் சாலையில் பார்த்து வழிவிட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அதோடு விட்டாளா? நேராகச் சலவை நிலையத்துக்குப் போய் வேலையை விட்டாள். விட்டதுதான் விட்டாள், சூப்பர்வைசரிடம், "இனிமே உங்க சட்டைய நீங்களே தேச்சுக்குங்க சார். அந்தத் தொப்பை இருக்கிற வரைக்கும் சுருக்கம் போகாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். இஸ்திரி அறையே கைதட்டியது. தலைகால் புரியாமல் பஸ் ஏறியவளுக்குப் பாதி வழியில்தான் விஷயம் உறைத்தது. திங்கட்கிழமை சொதப்பினால் புது வேலை இல்லை. பழைய வேலைக்குத் திரும்பிப் போகவும் முகம் இல்லை.

"அந்த வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடச் சொல்லி அண்ணன்கிட்ட எத்தனை தடவை சொல்றது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் நாத்தனார். கணவனின் தங்கை. கீழ்வீட்டிலேயே இருந்துகொண்டு பூச்செடி வியாபாரம் செய்கிறாள். அண்ணிக்கு அவள் பாதி எதிரி, முழுத் தோழி.

"திட்டுறத அப்புறமா திட்டுடி. இப்ப ஒரு வழி சொல்லு."

நாத்தனார் வாசலைப் பார்த்தாள். அங்கே அவளுடைய சின்னக் கார் நின்றது. அதன் பின்னால் தொட்டிகளை ஏற்றிப்போகும் குட்டி டிரெய்லர், இரண்டே சக்கரம், ஒரு கட்டில் அகலம்.

"அதுவும் டிரெய்லர்தானே, அண்ணி?"

"அது டிரெய்லரா? பொம்மை! சரி, குட்டியில பழகிட்டா பெருசு தானா வந்துடும்" என்றாள் அண்ணி. உடனே உற்சாகம் பிறந்துவிட்டது. "நீ எப்படிடி இத ரிவர்ஸ் எடுப்ப?"

"நானா? வாங்கின நாள்லேருந்து எடுத்ததே இல்லையே. ஊரச் சுத்தியாவது முன்னாடியே வந்துடுவேன்."

மூடிப்போன பர்னிச்சர் கடை ஒன்றின் வண்டி நிறுத்துமிடம் காலியாகக் கிடந்தது. விற்காமல் காய்ந்துபோன செடிகளைத் தொட்டியோடு கொண்டுவந்து நாத்தனார் இரண்டு வரிசையாக அடுக்கினாள். வரிசை முடிகிற இடத்தில், சுவரில் ஒரு பழைய மெத்தையைச் சாய்த்து வைத்தாள். அதுதான் மேடை.

"உயிருள்ள செடி எதையும் தரமாட்டேன். செத்தத எத்தனை தடவை வேணாலும் கொல்லுங்க."

டிரெய்லரை இடது பக்கம் அனுப்ப வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. செய்து பாருங்கள், தெரியும். அண்ணி ஒரு விரற்கடை திருப்பினால் போதும், குட்டி டிரெய்லர் சடாரென்று மடிந்து, காரின் பின்பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி முன்னால் இழுத்து, நேராக்கி, பின்னால் வந்தால் இந்த முறை மறுபக்கம் மடிந்தது.

"வரட்டும்... வரட்டும்... அண்ணி, இந்தப் பக்கம்! ஐயோ, உங்களுக்கு இந்தப் பக்கம் இல்ல, எனக்கு இந்தப் பக்கம்! நிறுத்துங்க, நீங்க மகராசியா இருப்பீங்க, பிரேக்க மிதிங்க!"

தொட்டிகள் நொறுங்கின. செத்த ரோஜா மறுபடி செத்தது. அண்ணி வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவுக்குப் பின்னால் சோப்புப் பெட்டியைக் கட்டி ரிவர்ஸ் எடுத்தாள். கடையில் இரண்டு தள்ளுவண்டிகளைக் கோத்துப் பின்னால் இழுத்ததில் பிஸ்கட் அடுக்கு சரிந்தது. கூட வந்த கணவர் யாரோ மாதிரி அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தோள் வலி தாங்காமல் கை தானாகச் சரிந்து ஸ்டியரிங்கின் அடியில் விழுந்தது. வலியோடு கையை இடது பக்கம் தள்ளினாள். டிரெய்லர் இடது பக்கம் போனது. வலது பக்கம் தள்ளினாள். வலது பக்கம் போனது. கையை அடியில் பிடித்தால் கை போகிற பக்கமே டிரெய்லரும் போகிறது! அண்ணி போட்ட கூச்சலில் நாத்தனார் பயந்துபோய் மெத்தைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"வழி தெரிஞ்சுபோச்சுடி!"

வழி தெரிந்ததே தவிர, வண்டி அடங்கவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் துள்ளிவிடும். அன்றைக்கு அது ஒழுங்காக மெத்தையில் போய் அணைந்தது ஒரே ஒரு தடவைதான். அதற்கே இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஆனால் திரும்பும் வழியெல்லாம் அண்ணிக்கு ஒரே கவலை. இத்தனூண்டு வண்டியே இந்த ஆட்டம் ஆட்டினால், நாளைக்கு அந்தப் பூதம் என்ன ஆட்டம் ஆட்டும்?

திங்கட்கிழமை நாத்தனார்தான் கொண்டுபோய் விட்டாள், குட்டி டிரெய்லரோடு. யார்டு வாசலில் நிறுத்தி, "போங்க அண்ணி. அங்க உடைக்கிறதுக்குத் தொட்டி இல்ல, அத ஞாபகம் வச்சுக்குங்க" என்றாள்.

லாரியின் படிகளில் ஏறி உட்கார்ந்தபோது அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்து இருக்கையில் தலைமை டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு லாரிகளுக்கு நடுவே காலி இடம். கண்ணாடியில் டிரெய்லர் போய்க்கொண்டே இருந்தது, முடிவே இல்லாமல். அவள் கையை ஸ்டியரிங்கின் அடியில் வைத்து, மூச்சைப் பிடித்து, மெல்ல நகர்த்தினாள். துள்ளப்போகிறது என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, ரொம்ப நேரம் யோசித்து முடிவுக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி, டிரெய்லரின் பின்முனை மெதுவாக அசைந்தது. அவ்வளவு மெதுவாக! திருப்பியது கூடிப்போயிற்று என்று தெரிந்து, எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, கையைத் திருப்ப நேரம் இருந்தது. நடுவில் ஒரு தும்மல் போடக்கூட நேரம் இருந்தது. பொம்மை என்று நினைத்தது பூதம், பூதம் என்று நினைத்தது பசு. அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்கும்மா சிரிக்கிறீங்க?"

"இது சொன்ன பேச்சு கேக்குது சார்!"

ஒருமுறை நிறுத்தி, இறங்கிப்போய் இடைவெளியைப் பார்த்துவிட்டு வந்தாள். செத்த செடிகள் சொல்லிக்கொடுத்த புத்தி. கடைசியில் மேடை விளிம்பின் ரப்பர் தடுப்பில் டிரெய்லர் போய் ஒட்டியபோது, யாரோ கதவை மெல்லச் சாத்தியது போல ஒரு சத்தம் கேட்டது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"பிரமாதம். பல வருஷ அனுபவம், பாத்தாலே தெரியுது" என்றார் அவர்.

தலையை ஆட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் சந்தோஷத்தில் மிதந்த அந்த வாய் சும்மா இருக்குமா? "வருஷமாவது ஒண்ணாவது! டிரெய்லர் லாரியில ஏறினதே இன்னைக்குத்தான் சார்!"

தலைமை டிரைவரின் முகம் மாறியது. "அன்னைக்குத் தண்ணி பட்ட பாடுன்னீங்க?"

"அது... வாய்தான் சார் சொல்லுச்சு."

"எதுல பழகினீங்க?"

அண்ணி வாசலைக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். "அந்தப் பொம்மையிலயா? விளையாடுறீங்களா? குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பி நான் சரக்க அனுப்ப முடியாதும்மா. யோசிக்கணும்."

அண்ணி அழத் தயாரானாள். ஆனால் அழக்கூட விடாமல் வாசலில் ஹாரன் அலறியது. சரக்கு ஏற்றிவந்த லாரி உள்ளே வர முடியாமல் நிற்கிறது, வழியை அடைத்துக்கொண்டு நாத்தனாரின் கார். முன்னால் வெளி வண்டிகளுக்குத் திறக்காத தடுப்புக் கம்பி, சற்றுத் தள்ளிப் பின்னால் லாரி, நடுவில் பக்கவாட்டில் ஒதுங்க ஒரு சந்து. பின்னால் எடுத்து ஒதுங்கினால்தான் உண்டு. நாத்தனார் பேய்முழி முழித்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கும்மா, நான் எடுக்கிறேன்" என்று தலைமை டிரைவர் காருக்குள் தன்னைத் திணித்துக்கொண்டார். ரிவர்ஸ் போட்டார். குட்டி டிரெய்லர் சடாரென்று மடிந்தது. முன்னால் இழுத்தார். மறுபடி எடுத்தார். மறுபக்கம் மடிந்தது. யார்டில் வேலை செய்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். மூன்றாவது முறை அது காரில் முட்டியபோது அவருடைய காது சிவந்திருந்தது.

"சார், கொஞ்சம் இறங்குறீங்களா?" என்றாள் அண்ணி, ரொம்பப் பணிவாக.

உட்கார்ந்தாள். கையை அடியில் வைத்தாள். துள்ளப் பார்த்தது, துள்ளும் முன்பே பிடித்தாள். மறுபக்கம் துள்ளப் பார்த்தது, அதையும் பிடித்தாள். செத்த ரோஜா, செத்த மல்லி என்று மனசுக்குள் தொட்டிகளைத் தாண்டிக்கொண்டே போய்ச் சந்துக்குள் சொருகி நிறுத்தினாள். கூட்டம் விசிலடித்தது. வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அது ஒழுங்காகப் போய் நின்றிருந்தது என்பது அவளுக்கும் நாத்தனாருக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணியின் வாய் முதல்முறையாக அதை வெளியே சொல்லவில்லை.

தலைமை டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குனிந்து அந்த இரண்டு சக்கரத்தையும் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது எப்படிம்மா மடியாம எடுத்தீங்க?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வாங்க சார். செத்த செடி இன்னும் நிறைய இருக்கு."