களத்தில் விழுந்த நிழல்

1965 புரட்டாசி பன்னிரண்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு, வெண்ணந்தூருக்குத் தெற்கே வெள்ளியங்கிரியின் ஜவ்வரிசி மில் களத்தில் ஒரு விமானத்தின் நிழல் வந்து விழுந்தது. மேலே விமானம் எதுவும் இல்லை. நிழலில் மூக்கு, இரண்டு இறக்கை, வால் எல்லாம் சரியாக இருந்தன. ஜவ்வரிசி கிளறிக்கொண்டிருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள், சூரியனைத் தவிர ஒன்றுமில்லை என்றதும் மறுபடி கிளறினார்கள். காயப்போட்டது காயவேண்டுமே. மத்தியானச் சங்கு ஊதியதும் நிழல் எழுந்து போதமலைப் பக்கம் போய்விட்டது.

யாருடைய விமானம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளியங்கிரிக்கும் சௌந்திரத்துக்கும் ஒரே பிள்ளை செங்கோடன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் விமானம் ஓட்டியவன் அவன் ஒருவன்தான். பாகிஸ்தான் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, வடக்கே எங்கோ விமானப்படையில் புதிதாகச் சேர்ந்த ஒருவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கையில் விமானம் விழுந்து செத்தான். சிலை வைக்கிறோம் என்று வந்த கட்சிக்காரர்கள், எதிரி சுடவில்லை, பழகும்போது விழுந்தது என்று தெரிந்ததும் மாலையை மட்டும் போட்டுவிட்டு நழுவினார்கள். ஜவ்வரிசிக்குத்தான் முதல் தரம், இரண்டாம் தரம் என்று பார்ப்பார்கள், சாவுக்குமா பார்ப்பது?

பெட்டி ஆணியடித்து, அரக்கு வைத்து வந்தது. திறக்க வேண்டாம் என்று கூடவந்த ஆபீசர் கையெடுத்துக் கும்பிட்டார். சொந்தபந்தமெல்லாம் மூடிமேலேயே வாய்க்கரிசி போட்டது. சௌந்திரம் மட்டும் அரிசி முறத்தைத் தள்ளிவிட்டாள். "மொகம் பாக்காம எந்த வாய்ல போடறதுங்க? எம்பையன் இதுக்குள்ள இல்லீங்க." பெற்றவள் கை அரிசி விழாமலேயே எரித்தார்கள். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தபோதுதான் களத்தில் நிழல் கிடந்தது.

அப்புறம் மூன்று வருஷம் அது வராத நாளில்லை. மழை நாளிலும் வந்தது. அதற்கடியில் கிடந்த ஜவ்வரிசி உலராமல் புளித்தது. முதல் மாதம் வெள்ளியங்கிரி தலையில் அடித்துக்கொண்டார், பிறகு அந்த இடத்தை விட்டுப் பரப்பச் சொன்னார். சௌந்திரம் பத்தரைக்கு முன்பே வந்து மூக்கடியில் உட்கார்ந்துகொள்வாள். கிணற்றில் தண்ணீர் எத்தனை படி இறங்கியது, செவலை மாடு என்ன கன்று போட்டது, எல்லாம் சொல்வாள். ஒரே பிள்ளை, வேறு யாரிடம் சொல்வாள், பாவம்? கடைசி லீவில் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று அரிசிம்பருப்புச் சாதத்தைத் தட்டிலேயே விட்டு, "வந்து தின்னுக்கறேம்மா" என்று ஓடியவன் அவன். அதற்காகத் திட்டவும் திட்டுவாள்.

1968 ஐப்பசியில் நிழல் தள்ளாட ஆரம்பித்தது. பதினொன்றுக்கு வந்தது, ஒரு நாள் பதினொன்றரைக்கு. இறக்கைகள் நடுங்கின. களத்தில் வேலை செய்யும் ராஜம்மாள், இரண்டு பிள்ளைகளை அம்மைக்குக் கொடுத்தவள், கிளறும் பலகையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"சின்னவரு பசியோடங்க சுத்தறாரு. பெத்தவங்க கையரிசி இல்லாம எப்படீங்க எறங்குவாரு? ஒரு புடி போடுங்க சாமி."

"போட்டா போயிருவானே, ராஜம்மா."

"ஆமாங்க. போயிருவாருங்க."

சௌந்திரம் ஒன்பது நாள் முறத்தில் அரிசியை அள்ளுவதும் திரும்பப் பானையில் கொட்டுவதுமாக இருந்தாள். பெற்ற வயிறு, கூடவே வைத்துக்கொள்ளவும் ஆசை, பட்டினி போடவும் மனசில்லை. பத்தாம் நாள் காலை கோழிகளையெல்லாம் பிடித்துப் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்தாள். முறத்தில் பச்சரிசி கொண்டுவந்து, நிழலின் மூக்குக்குச் சற்றுப் பின்னால், ஓட்டுகிறவன் உட்காருமிடத்தில் மூன்று பிடி போட்டாள்.

"தின்னுபோட்டுப் போ சாமி. வெறும் வயித்தோட போவாத."

நிழலின் நடுக்கம் நின்றது. சங்கு ஊதும்வரை இருந்துவிட்டு, எழுந்து, ஜவ்வரிசிக்கான குச்சிக்கிழங்குக் காட்டைத் தாண்டிப் போதமலை மேலேறி மறைந்தது, மறுநாள் வரவில்லை. அரிசி போட்ட இடத்தில் ஒரு மணிகூட இல்லை. கோழிகள் பஞ்சாரத்துக்குள்தான் இருந்தன. சௌந்திரம் மூன்று வருஷத்து அழுகையையும் அன்றைக்குத்தான் அழுதாள், வெள்ளியங்கிரி தடுக்கவில்லை. ராஜம்மாள் ஈர ஜவ்வரிசியை அந்த இடத்திலும் பரப்பினாள். பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிட்டது.