மூன்று மெல்லிய வளையங்கள்

கொல்லையில் நின்ற காய்க்காத மரம், மல்பெரி என்னும் முசுக்கொட்டையே இல்லை என்று தச்சர் பத்து வருடம் மனைவியோடு மல்லுக்கு நின்றார். அவள் செத்த மறுமாதம், வில் செய்ய அதை வெட்டியபோது உள்ளே மஞ்சள் வைரக்கட்டை பளிச்சென்று தெரிந்தது. அந்த நிறம் முசுக்கொட்டையேதான். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு வருடம் காயவிட்டு, இன்று பட்டறையில் கட்டையைச் சீவினார்.

"மேல இருக்குற வருஷ வளையம் மூணையும் ஏன் மாமா எடுக்குறீங்க?" என்றான் மனைவியின் தம்பி.

"நூல் மாதிரி இருக்கு. வில்லோட முதுகுல தடிச்ச வளையம் ஒண்ணு அறுபடாம ஓடணும். இல்லேன்னா உடைஞ்சிடும்."

"அக்கா படுக்கையில கெடந்த மூணு வருஷம், மரத்துக்கு யாரு தண்ணி ஊத்துனா?"

"யாரும் ஊத்தல," என்று கடைசிச் சுருளையும் உரித்தார்.

பிறகு தரையைக் கூட்டினார். மூன்று வருடமும் சேர்ந்து ஒரு முறம்கூடத் தேறவில்லை.