களத்துமேட்டு வீட்டுக்குத் தண்ணீர்

செங்கழனி நகரில் குழாய்த் தண்ணீர் விடுவது 1957இல் விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்துத்தான். வார்டு அலுவலகச் சுவர் முழுக்க அதை மாட்டியிருக்கிறார்கள். படத்தில் நெல்வயலாக இருக்கும் இடத்தில் இன்று குடியிருப்பவர்களுக்குத் தினமும் தண்ணீர். கம்பங்கொல்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். திலகவதி குடியிருந்த அடுக்குமாடி நின்ற இடமோ நெல்லடிக்கும் களம். களத்துக்கு யாராவது தண்ணீர் விடுவார்களா? பதினொரு மாதமாக அவள் வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது.

குடம் சுமப்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. தங்கை பூங்கோதைக்கு எட்டாம் மாதம். தாயில்லாத பெண், தலைப்பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்குத்தான் வர வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாத வீட்டுக்கு மருமகளை அனுப்ப மாட்டேன் என்று பூங்கோதையின் மாமியார் போனிலேயே முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டார். திலகவதிக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் களத்தை வயலாக்கியே தீருவது என்று அன்றே முடிவு கட்டினாள். பிடித்த பிடியை விடுகிற ஜென்மமா அவள்!

வார்டு அலுவலக எழுத்தர் எபநேசர் மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு, நியாயமான கோரிக்கைதான் என்றார். ஆனால் களத்தில் வேலை செய்கிறவர்களின் சம்மதம் வேண்டும், அதை அவளே உள்ளே போய்த்தான் வாங்க வேண்டும். எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேட்டாள். படத்துக்குள் எப்போதும் காலை பத்தே கால்தான், நிதானமாகப் போகலாம் என்றார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்வெட்டியோடு படத்தின் மரச்சட்டத்தைத் தாண்டி உள்ளே இறங்கினாள். வரப்போடு போனால் ஐந்து நிமிட நடை. களத்தில் கன்னியப்பன் என்றொருவர் இரண்டு மாடுகளைப் பிணைத்துக் கதிரை மிதிக்க விட்டிருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"களத்த வயலாக்கிட்டா நெல்ல எங்கம்மா தூத்துறது?"

"எங்க மொட்டை மாடி சும்மாதாண்ணே கெடக்குது."

"காத்து வருமா?"

"நாலு மாடிக்கு மேல. காயப்போட்ட துணி நிக்காது."

அவருக்கு அது போதுமாக இருந்தது. மாடுகளை அவிழ்த்துக்கொண்டார்.

சாணம் மெழுகி மெழுகி இறுகிப்போன தரை. அசைவேனா என்றது. திலகவதியும் விடவில்லை. வெளியே இரண்டு நாள் கழிந்தது, உள்ளே பத்தே கால். அவள் புருஷன் சட்டத்துக்கு இந்தப் பக்கம் நின்று சோற்றுத் தூக்கை நீட்டினான். கை முழுக்கக் கொப்புளத்தோடு கடைசியில் வாய்க்காலை வெட்டிவிட்டாள், தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. எபநேசர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, வெளுத்திருந்த இடம் கறுத்துவிட்டதை உறுதிசெய்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வந்தது. படத்தின் நிறத்தில்தான் வந்தது, ருசியில் குறை சொல்ல முடியாது. மாடுகள் லிப்டில் ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும் என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கன்னியப்பனும் சரி என்றார்.

அடுத்த வாரமே பூங்கோதை பெட்டியோடு வந்து சேர்ந்தாள். திலகவதிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்து முதல் தண்ணீர் ஊற்றியதும் குழந்தை கறுப்பு வெள்ளையானது. துவட்டிச் சாம்பிராணி காட்டித் தொட்டிலில் போட்டார்கள்.

பதினோராம் நாள் மாமியார் வந்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காது, மூக்கு, விரல் எல்லாம் பார்த்தார். என்ன சொன்னாலும் பதில் சொல்வதற்குத் தயாராகத் திலகவதி எதிரே நின்றாள்.

"எங்க மாமனார் நெறம். கூடத்துல படமா மாட்டியிருக்கோமே, அச்சு அசல் இதே நெறம்" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க கொழாயில ரெண்டு கொடம் புடிச்சுக் குடும்மா, எடுத்துட்டுப் போறேன். பெரியவன் புள்ளைங்க ரெண்டும் எங்க குடும்பத்துல யாரு மாதிரியும் இல்லாம கலராவே கெடக்குதுங்க" என்றார்.

திலகவதி குடங்களைக் கழுவிக் குழாயடியில் வைத்தாள்.