ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு பாஸ்போர்ட் போட்டோ

1.

பிள்ளையின் கால் சில்லென்று இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்டைக்காய் மாதிரி. கார்குழலி அந்த இரண்டு பாதங்களையும் உள்ளங்கைக்குள் பொத்தி ஊதுகிறாள். சூடேறவில்லை. வார்டு வாசலில் நர்ஸின் செருப்புச் சத்தம்.

(இதற்கு முன் எழுதிய தொடக்கங்கள்: 'புதுச்சேரியில் ஓர் இனிய மாலை' – அடித்துவிட்டேன், அந்த வார்டில் பினாயில் மாலைதான் உண்டு. 'தாய்மை என்பது' – பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்குப் பதினெட்டு வயது. தாய்மையைப் பற்றி எனக்கென்ன தெரியும்?)

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னது நான். கதையில் குழலி சொல்வாள். பழி அவளுக்கு, பேனா எனக்கு.

2.

குழலியின் அக்கா சரிதாவுக்கு ஏழரை மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பையன். ஒரு கிலோ அறுநூறு கிராம். (தலைப்பில் நூறு கிராமைத் தின்றுவிட்டேன்.) ஆபரேஷனுக்குப் பிறகு சரிதாவுக்குக் காய்ச்சல். அவள் பக்கத்து வார்டில், அம்மா அவளுக்குத் துணை. ஆகவே பிள்ளையை நெஞ்சோடு வைத்திருக்கும் வேலை சித்தியான குழலிக்கு வந்தது. முன்பக்கம் திறந்த கவுனைக் கொடுத்து, டயப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும் போட்ட பிள்ளையை அவள் நெஞ்சில் தவளை மாதிரி ஒட்டவைத்து, துணியால் இறுக்கிக் கட்டினார் நிர்மலாதேவி சிஸ்டர்.

"உன் ஒடம்புச் சூடுதான் இவனுக்கு மருந்து. கங்காரு மாதிரி வச்சுக்க."

"கங்காரு குதிக்குமே சிஸ்டர்."

"நீ குதிச்சுப் பாரு, தெரியும் சேதி. அவுக்காத, வெளிய எடுக்காத, போன நோண்டாத."*

* மூன்றையும் மீற இவளுக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது.

3.

போனில், வீடியோ காலில், லூதோவிக் மாமா. சரிதாவின் கணவர், புதுச்சேரியில் சாரம் பகுதிக்காரர், பிரான்சில் மிலிட்டரி.

"குழலி, புள்ளைய ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பாஸ்போர்ட்டுக்கு."

"மாமா, பொறந்து அஞ்சு நாளுதான் ஆவுது. இன்னும் பேரே வைக்கல."

"பேரு அப்பறம் வைக்கலாம். பேப்பர இப்பவே ரெடி பண்ணாதான் ரெண்டு பேரையும் இங்க கூப்புட முடியும். பின்னாடி வெள்ளத்துணி. தொப்பி கூடாது. கண்ணு ரெண்டும் தொறந்திருக்கணும். சிரிக்கக் கூடாது."

"அவன் இன்னும் யாரப் பாத்தும் சிரிக்கல மாமா. உங்க மூஞ்சியக் காட்டுனா அழுவான், அவ்ளோதான்."

மாமாவை வில்லனாக்கிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை, பேசும்போது அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு கால் பிரான்சில் இருக்கும் வீடுகளில் பிள்ளைக்குத் தொட்டில் வாங்கும் முன் ஃபைல் வாங்குவார்கள். அதுவும் பாசம்தான், கிளிப் போட்ட பாசம்.

குழலி கட்டை அவிழ்த்தாள். கட்டிலில் வெள்ளைத் துண்டு, அதன்மேல் பிள்ளை, அவனுக்கு மேலே ஃபேன். தொப்பியைக் கழற்றினாள். கண்ணைத் திறக்கட்டும் என்று சாக்ஸையும் கழற்றி உள்ளங்காலைச் சுண்டினாள். இருபத்து மூன்று போட்டோ. ஒன்றில் கொட்டாவி. ஒன்றில் ஒற்றைக் கண்ணால் இவளை முறைத்தான். கடைசியில் இரண்டு கண்ணும் திறந்தது, உதடு நீலமாக. முதலில் அவள் போன் கேமராவைத்தான் சந்தேகப்பட்டாள். அப்புறம்தான் காலைத் தொட்டாள்.

அவசரமாக அவனை நெஞ்சில் போட்டுக் கட்டி, அப்புறம் அவள் வேண்டிக்கொண்டது எந்தச் சாமியை என்றால்

(வேண்டாம். எல்லாச் சாமியையும்தான்.)

4.

சிஸ்டர் தெர்மாமீட்டரைப் பார்த்தார்.

"என்னாடி இது, முப்பத்தஞ்சு டிகிரிக்கு எறங்கிட்டான்? வெளிய எடுத்தியா?"

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) குழலி உண்மையைச் சொல்கிறாள். செம திட்டு. பிள்ளை சூடாகிறான். எல்லாரும் டீயில் பிஸ்கட் நனைத்துத் தின்கிறார்கள்.

ஆ) பிள்ளையே அவளைக் காட்டிக்கொடுக்கிறான். இவ்வளவு சின்ன ஆளுக்கு வசனம் தர எனக்கு மனசில்லை.

இ) நடந்தது:

"இல்ல சிஸ்டர். நீங்க கட்டுன மாதிரியேதான் இருக்கான்."

சிஸ்டர் திட்டியிருந்தால் தேவலாம். அவர் முகம் மாறிவிட்டது.

"நெஞ்சுலயே இருந்தும் சில்லுனு ஆனான்னா உள்ள கிருமி இருக்கலாம். குடு அவன. டாக்டரக் கூப்புடறேன்."

5.

தூக்கிக்கொண்டு போய்ச் சூட்டு மிஷினில் போட்டார்கள். என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். இரண்டாவது குத்தில்தான் வந்தது. அதே கையில் மருந்து ஏறுகிறது. ரத்த ரிசல்ட் வர இரண்டு நாள் ஆகுமாம்.

(ஆமாம், 'என்' என்று எழுதிவிட்டேன். குழலியை அனுப்பிவிட்டேன்.)

அக்காவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. எட்டிப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கிட்ட இருக்கான்னுதாண்டி நான் கண்ண மூடுறேன்."

நான் அனுப்பிய போட்டோவுக்கு மாமாவிடமிருந்து மெசேஜ்: 'சூப்பர். ஒரு காது மறையுது. நாளைக்கு இன்னொண்ணு எடு.'

எழுந்து போய் சிஸ்டரிடம் சொல்லிவிடலாம். ஊசியைக் கழற்றுவார்கள். என்னை இனி வார்டுக்குள் விட மாட்டார்கள், விடாவிட்டால் போகிறது. ஆனால் அவிழ்க்கும்போது அவன் சூடாக இருந்தானா, முன்பே ஆறிக்கொண்டிருந்தானா என்று நான் கவனிக்கவே இல்லை. மாமாவிடம் வாயடித்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லப் பயந்து இப்படியெல்லாம் யோசிக்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் முன் இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: நான் உண்மையைச் சொல்லி, அதை நம்பி அவர்கள் மருந்தை நிறுத்தி, உள்ளே நிஜமாகவே கிருமி இருந்துவிட்டால்?