பஞ்சம்மாள் சரியாகத்தான் மூடினாள்

ஆண்டிபட்டியில் ஒரு நூல் கம்பெனி ஆபீஸ். மேசைக்கு அடியில் குத்தவைத்து வயர் சொருகிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. மடியில் கிடந்த வேலைப் பட்டியலில் கடைசி வரி: ‘சோதனை முடிந்ததும், வெளியேறினால் அழிக்கும் வசதியை நிறுத்தவும்.’ நேற்று கம்பத்தில் அந்த வரிக்கு டிக் போட்ட ஞாபகம் இருந்தது. செய்த ஞாபகம் இல்லை.

எழுந்த வேகத்தில் மேசை விளிம்பில் மண்டை இடித்தது. நன்றாக இடிக்கட்டும் என்றுதான் இருந்தது.

என் பெயர் ஹேமாவதி. தேனியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஏழு வருடமாக வேலை. ஓரிடத்தில் கால் தரிக்காத பிறவி என்று அம்மா திட்டுவாள். கடை முதலாளிக்கு என்னிடம் பிடித்ததே அதுதான். ஒரே நாளில் இரண்டு ஊர் போய் வேலையை முடித்துவிட்டு வர வேறு யார் இருக்கிறார்கள்? இப்போது நாங்கள் அதிகம் மாட்டுவது தின் கிளையன்ட் பெட்டிகள். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும், அதற்குள் எதுவும் தங்காது. பின்னறையில் ஒரு பெரிய மெஷின் ஓடும், எல்லோருடைய வேலையும் அதற்குள்தான் நடக்கும். சின்னப் பெட்டி அதைத் திரையில் கொண்டுவந்து காட்டும், அவ்வளவுதான். நாங்கள் மாட்டிச் சோதிக்கும்போது குப்பை சேரக் கூடாது என்று ஒரு ஏற்பாடு வைத்திருப்போம். லாக் ஆஃப் கொடுத்து வெளியேறினால், அன்றைக்குச் செய்ததெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். ஊரைவிட்டுக் கிளம்பும் முன் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

நான் நிறுத்தாமல் பஸ் ஏறிவிட்டேன்.

கம்பத்தில் நான் பெட்டி மாட்டியது, ஏலக்காய் வேலைக்கு மலைக்குப் போகும் பெண்கள் வைத்திருக்கும் சங்கத்தில். செயலாளர் ஜெபஷீலா அக்கா. இன்று மத்தியானம் ஒரு மணிக்குத்தான் அவர் எனக்கு போன் பண்ணியிருந்தார். குரலே துள்ளியது.

“ஹேமா, மாயக்கா பேசிட்டாக! ரெண்டு மணி நேரம். அவுக சொல்லச் சொல்ல நான் உன் பெட்டியிலதான் அடிச்சேன். நாலு பக்கம். ‘ஒருக்காத்தான் சொல்லுவேன், இன்னொருக்கா கேட்டு வராத’ன்னு சொல்லிட்டுத்தான் ஒக்காந்தாக. நாளைக்குக் காலையில நீ வந்து பிரிண்டர மாட்டுனதும் அவுக கைரேகை வாங்கிட்டு நேரா தேனி. பதினோரு மணிக்கு விசாரணை.”

மாயக்காளை எனக்குத் தெரியாது. அவர் கதை தெரியும். சித்திரையில் கம்பம்மெட்டு வளைவில் ஒரு ஜீப் கவிழ்ந்து நாலு பெண்கள் செத்தார்கள். அதில் ஒருத்தி மாயக்காளின் மகள் கயல். ஜீப்பில் எட்டே பேர்தான் இருந்தார்கள், வண்டிமேல் தப்பில்லை என்று ஜீப்புக்காரர் தரப்பு சொல்கிறது. தப்பிப் பிழைத்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் அதே ஆளின் ஜீப்பில்தான் வேலைக்குப் போயாக வேண்டும். மாயக்காளும் ஐந்து மாதம் பேசவில்லை. இன்று காலையில்தான் பேசினார். அந்தப் பேச்சு இப்போது என் பெட்டி வழியாக ஒரு மெஷினுக்குள் கிடக்கிறது. சாயங்காலம் யாராவது முறைப்படி வெளியேறினால் போய்விடும்.

ஜெபஷீலா அக்காவுக்கு போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஏழு தடவை போட்டேன், ஏழு தடவையும் அந்தப் பெண் அதையே சொன்னாள். சங்கத்துக்கு இன்டர்நெட் அடுத்த வாரம்தான் வருகிறது, இங்கிருந்தபடியே எதையும் தொட முடியாது. அங்கே வேறு யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை. மணி மூன்று பத்து. நூல் கம்பெனி மேனேஜரிடம், “வீட்ல அவசரம் சார்” என்று புளுகிவிட்டுப் பையைத் தூக்கினேன்.

தேனி போகிறவரை ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. அந்த நம்பிக்கையின் பெயர் பஞ்சம்மாள்.

பஞ்சம்மாள் சங்கத்தில் கூட்டிப் பெருக்கி, டீ போட்டு, சாயங்காலம் பூட்டுகிறவள். ஐம்பது வயசு இருக்கும். எழுத்து தெரியாது. எந்த மெஷினானாலும் அவளுக்கு ஒரே வைத்தியம், மெயின் சுவிட்சை அமத்துவது. நேற்று நான் பாதி வேலையில் இருக்கும்போது கரண்ட் மிச்சம் பண்ணுகிறேன் என்று மெயினை அமத்தித் தொலைத்தாள். இரண்டு மணி நேர வேலை பாழ். ஆறு பெண்கள் பார்க்க அவளை வைதேன். “மூளைய வீட்ல கழட்டி வச்சுட்டு வந்தீகளாக்கா? இனிமே இந்தச் சுவிட்ச தொட்டா நான் மனுசியா இருக்க மாட்டேன்.” அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அந்தக் கோபத்தோடு, விட்ட நேரத்தைப் பிடிக்க அவசர அவசரமாக எல்லாவற்றையும் முடித்தேன். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். எனக்குக் கடைசி வரியில் நுழையவில்லை.

விஷயம் என்னவென்றால், சுவிட்சை அமத்தினால் இப்போது ஒன்றும் ஆகாது. பின்னறை மெஷினுக்கு நேற்றே தனி பேட்டரி மாட்டிவிட்டேன். சின்னப் பெட்டி அணைந்தாலும் உள்ளே வேலை அப்படியே திறந்து கிடக்கும். முறையாக வெளியேறினால்தான் ஆபத்து. பஞ்சம்மாள் நான் வைததையெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்க வேண்டும். வழக்கம்போல டப்பென்று மெயினை அமத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வீரபாண்டி மாரியம்மனுக்கு அதையே வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒருத்தர் என் பேச்சைக் கேட்கக் கூடாது என்று வேண்டியது அதுதான் முதல் தடவை.

தேனி பஸ் ஸ்டாண்டில் கம்பம் பஸ் ஒன்று நின்றது. ஏறி உட்கார்ந்தேன். டிரைவரைக் காணோம். இரண்டு நிமிடம் பொறுத்தேன். பக்கத்தில் இன்னொரு பஸ் என்ஜின் ஓடியபடி உறுமிக்கொண்டிருந்தது. இறங்கி அதில் ஏறினேன். அது உறுமியதோடு சரி. வாசலைத் தாண்டுவதற்குப் பத்து நிமிடம், பழனிசெட்டிபட்டியில் ஆள் கூப்பிட ஐந்து நிமிடம். வீரபாண்டி தாண்டும்போது நான் இறங்கிவந்த முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் நான் உட்கார்ந்திருந்த சீட்டில் ஒரு பெரியவர் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

சின்னமனூரில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நான் கம்பியைப் பிடித்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். “ஏம்மா, நீ நின்னா மட்டும் பஸ்ஸு வெரசாப் போயிருமா?” என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. உத்தமபாளையம் வருவதற்குள் போனில் சார்ஜ் ஐந்துக்கு வந்துவிட்டது. ஜெபஷீலா அக்கா இன்னும் எல்லைக்கு வெளியேதான் இருந்தார்.

கம்பத்தில் இறங்கி ஓடினேன். சங்கத்து வாசலில் போய் நிற்கும்போது ஐந்து நாற்பத்தைந்து. கதவில் பூட்டு இல்லை. பஞ்சம்மாள் உள்ளே ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். ஆறு திரையும் கறுப்பாக இருந்தது. அவள் என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

“ஜெபாக்கா எங்க?”

“ரெண்டு மணிக்கே கம்பம்மெட்டுக்குப் போயிட்டாக. இன்னொரு பிள்ளையும் சாட்சி சொல்ல வாரேன்னுச்சாம். என்னைய மூடச் சொன்னாக.”

“எப்படி மூடுனீக? மெயின அமத்துனீகளா?”

அவள் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

“அமத்துவேனா? நேத்து நீ வஞ்சதுல ராத்திரி சோறு எறங்கல ஆத்தா. காலையில ஜெபாக்காட்ட கேட்டுக் கத்துக்கிட்டேன். மூலையில அமுக்கணும், ஆளு படம் வரும், அதை அமுக்கணும், மூணாவதா இருக்கத அமுக்கணும். ஏதோ கேக்கும், இடது பக்கத்த அமுக்கணும். ஆறு பெட்டியும் ஒண்ணு ஒண்ணா நானே மூடினேன். அஞ்சரைக்குத்தான் முடிச்சேன். சரியாத்தான மூடிருக்கேன்?”

சரியாகத்தான் மூடியிருந்தாள். நான் வைத வசவு ஒரே நாளில் வேலை செய்துவிட்டது.

பின்னறைக்குப் போய் மெஷினைத் திறந்து தேடினேன். முக்கால் மணி நேரம், எனக்குத் தெரிந்த மூலையெல்லாம் தேடினேன். துடைத்த தரைபோலச் சுத்தமாக இருந்தது. முதல் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தால் ஐந்தேகாலுக்கு வந்திருப்பேன். எழுந்து நடந்தேன், திரும்ப வந்து அதே இடத்தையே தேடினேன். பஞ்சம்மாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “என்ன ஆத்தா, எதும் தப்பாகிப் போச்சா?” என்றாள். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தேடினேன்.

ஆறரைக்கு ஜெபஷீலா அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். சாட்சி சொல்ல வருவதாகச் சொன்ன பிள்ளை மனசு மாறிவிட்டாளாம். மாயக்காள் ஒருத்தர்தான் மிச்சம். என் முகத்தைப் பார்த்துவிட்டு நேராகப் பெட்டிக்குப் போய்த் திறந்தார். வெறும் நீலத் திரை.

“எங்க? நாலு பக்கம் எங்க? யாரு கை வச்சா?”

பஞ்சம்மாளின் கை வாய்க்குப் போனது. “நாந்தேன்” என்றாள். “நாந்தேன் மூடினேன். என்னமோ மாத்தி அமுக்கிட்டேன் போல. எனக்கெதுக்கு இந்த வேல? எழுத்து தெரியாத முண்டம்…” நெற்றியில் அறைந்துகொண்டாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி எனக்கு அது வசதியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், வேலையும் தப்பும், கடைப் பெயரும் தப்பும். அவள் இன்னொரு தடவை நெற்றியில் அறைந்துகொண்டாள்.

“அவுக சரியாத்தான் மூடிருக்காகக்கா. தப்பு என்னோடது” என்றேன். கடைசி வரியைச் செய்யாமலே டிக் போட்டதையும் சொன்னேன். ஜெபஷீலா அக்கா வையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். “மாயக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?” என்றார்.

“நான் வாரேன். நானே சொல்றேன்.”

மூன்று பேரும் நடந்தோம். மாயக்காள் வீடு இரண்டு தெரு தள்ளி. வாசல்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இடது கை மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருந்தது. அந்த ஜீப்பில் அவரும் இருந்தவர். ஜெபஷீலா அக்கா ஏதோ இழுக்க ஆரம்பித்தார். நான் முந்திக்கொண்டேன்.

“மாயக்கா, நீங்க காலையில சொன்னதெல்லாம் அழிஞ்சு போச்சு. அழிச்சது நான். பெட்டி மாட்டுன ஆளு. அவசரத்துல ஒரு வேலைய விட்டுட்டு பஸ் ஏறிட்டேன்.”

அவர் பூண்டைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எத்தன மணி பஸ்ஸுக்கு?”

“ஆறேகால் பஸ்ஸுக்கு.”

“அத விட்டா அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்கு?”

“ஆறரைக்கு.”

“கால் மணி நேரம்” என்றார். தெருவில் ஒரு ஜீப் போனது. அது போய் முடியும்வரை தலையைத் திருப்பவில்லை. ஜெபஷீலா அக்கா, “வேணாம் மாயக்கா, உங்கள மறுபடி கஷ்டப்படுத்தல, நாங்க போயிட்டு வாரோம்” என்று கிளம்பப் பார்த்தார்.

“ஜெபா, நீ காலையிலயே அழுதுட்ட. நீ எழுத வேணாம்.” மாயக்காள் என்னைக் காட்டினார். “இந்தப் பிள்ள எழுதட்டும். கையால எழுதட்டும். முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது.”

பஞ்சம்மாள் ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் கோடு போட்ட தாளும் பேனாவும் வாங்கிவந்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். போன் ஒருதடவை அடித்தது, முதலாளிதான். எடுக்கவில்லை. இரண்டாவது தடவை அடிக்கும்போது சார்ஜ் தீர்ந்து அதுவே அணைந்தது.

“காலையில நாலே முக்கா. தண்ணி டேங்கு பக்கத்துல ஜீப்பு நின்னுச்சு” என்று ஆரம்பித்தார். குரல் ஒரே சீராக வந்தது. “உள்ள பதினஞ்சு பேரு. நான் எண்ணுனேன். நானும் கயலும் சேந்தா பதினேழு. எடமில்ல. கயலு சொன்னா, ‘நெரிசலா இருக்கும்மா, அடுத்த ஜீப்புல வாரேன், நீ போ’ன்னா. அடுத்த ஜீப்பு கால் மணி நேரத்துல வரும். நான்தான், ‘நேரமாச்சு, ஏறுடி’ன்னு கையப் பிடிச்சு இழுத்து ஏத்துனேன்.”

என் பேனா நின்றுவிட்டது.

“எழுது” என்றார்.

எழுதினேன். வளைவு, பிரேக், சத்தம், மண், யார் யார் எந்தப் பக்கம் கிடந்தார்கள் என்று பதினேழு பெயரையும் சொன்னார். கால் மரத்துப்போனது. எழுந்திருக்கவில்லை. கடைசியில் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் எழுத்து தெரியாது. விரலால் வரிகளை மெதுவாகத் தடவினார்.

“கயலு சொன்னது எங்கன இருக்கு?”

காட்டினேன். “‘அடுத்த ஜீப்புல வாரேன்’னு இந்த எடத்துல இருக்குக்கா.”

அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

“இத அழிச்சுராத” என்றார்.