கரையோரமாக ஒரு கப்பல்

பதினொன்றரைக்கு நடையைச் சாத்திவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினால் அம்பாசமுத்திரத்தில் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். வண்ணார்பேட்டைக்கு ஒன்றேகால் மணி நேரம். திரும்ப மூன்று மணி வண்டி. நாலரைக்கு ஆற்றில் முழுகி, ஐந்துக்கு மறுபடி நடை திறக்க வேண்டும். மூன்று மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் இந்த ஓட்டம்தான். வீட்டில் கம்ப்யூட்டர் படிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். முழுப் பொய்யில்லை, முதல் வாரம் படித்தேன்.

பாக்கியசீலன் மாடியில் நடத்தும் சென்டரில் ஆறு கம்ப்யூட்டர்கள் உண்டு, அதில் ஒன்றுதான் கலர். மதியத்தில் ஆள் வராது என்பதால் அதை எனக்குத் தந்துவிடுவார். அதில் ஒரு கப்பல் விளையாட்டு. அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல் ஒன்று நமக்கு. ஒரு துறைமுகத்தில் மலிவாகக் கிடைப்பதை ஏற்றி, கிராக்கி உள்ள இடத்தில் இறக்க வேண்டும். நான் சாராயமும் கருவாடும் ஏற்றுவதில்லை, மிளகும் துணியும்தான். பெருமாளைத் தொடுகிற கை என்று சொன்னால் பாக்கியசீலன் சிரிப்பார். சிரிக்கட்டும், விரல் அந்தப் பட்டனுக்குப் போக மாட்டேன் என்கிறது.

அன்று சட்டைப் பையில் ஒரு ஏர்மெயில் கவர் இருந்தது. சிங்கப்பூரில் ஒரு பெருமாள் கோயிலுக்கு அர்ச்சகர் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். சம்மதம் என்று எழுதி, ஒட்டி, தபால்தலையும் ஒட்டியாகிவிட்டது. அன்று பெட்டியில் போட்டால்தான் கெடுவுக்குள் போய்ச் சேரும். போட்டேனா என்றால் இல்லை. வழியில் மூன்று பெட்டிகளைத் தாண்டி வந்திருந்தேன்.

அப்பா ஒரே ஒரு தடவைதான் பேசினார். "சமுத்திரம் தாண்டினவன் கர்ப்பக்ரஹத்துக்குள்ள போகப்படாதுடா ஸ்ரீராகவா. திரும்பி வந்தா வாசல்ல நின்னு எல்லாரோடயும் சேவிச்சுக்கலாம்." இப்போது பல கோயில்களில் இதைக் கண்டுகொள்வதில்லை. எங்கள் ஊரில் கண்டுகொள்வார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து அந்தக் கல்லுக்கு எண்ணெய் தடவி, குளிப்பாட்டி, உடுத்திவிடுகிறேன். இடது முழங்காலுக்குக் கீழே உளி பட்ட ஒரு சின்னப் பொளிவு உண்டு, அது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். அந்தப் பெருமாளைத் தொடாமல் என்னால் இருக்க முடியாது. இந்த ஊரிலும் இருக்க முடியவில்லை. மனைவி பத்மப்ரியா காலையில் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "போறதுன்னா போவோம், இருக்கறதுன்னா இருப்போம். இப்படி நடுவுல நிக்க வெக்காதீங்கோ."

பெருமாளிடமே கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஊரில் யாருக்கு முடிவெடுக்க முடியாவிட்டாலும் என்னிடம்தான் பூக்கட்டிப் பார்க்க வருவார்கள். துளசியை ஒரு இலையிலும் அரளியை ஒரு இலையிலும் மடித்துத் திருவடியில் வைப்பேன். துளசி வந்தால் உத்தரவு, அரளி வந்தால் இல்லை. எனக்கு நானே கட்டினால் எது எதிலென்று கைக்குத் தெரிந்துவிடும்.

கொச்சியில் மிளகு ஏற்றி நாகப்பட்டினத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோது பாக்கியசீலன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாமி, ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது. மூணு மாசமா வாரீரு. கப்பல கரைய விட்டு நகத்தவே மாட்டேங்கீரே. டவுன் பஸ் மாதிரி ஓரமாவே ஓட்டுதீரு. அம்புட்டுக் கடல் எதுக்குவே கெடக்கு?"

கோபம்தான் வந்தது. அப்புறம் திரையைப் பார்த்தேன். சூரத், கோவா, கோழிக்கோடு, கொச்சி, நாகப்பட்டினம். அவர் சொன்னது நிஜம். யாரும் தடுக்காத விளையாட்டில்கூட நான் கடல் தாண்டியிருக்கவில்லை. எனக்கே தெரியாமல் மூன்று மாதம் ஆசாரம் காத்திருக்கிறேன். வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. மலாக்கா என்று குறித்து, கப்பலைக் கிழக்கே திருப்பிவிட்டேன்.

கரை மறைந்ததும் திரை முழுக்க நீலம். காற்று நன்றாகத்தான் வந்தது. பாதிக் கடலில் நின்றுபோயிற்று. கீழே நாற்பது நாளுக்கென்று காட்டிய குடிதண்ணீர் முப்பதாகி, இருபத்திரண்டாகியது. துறைமுகத்தில்தான் ஆட்டத்தைப் பதிந்து வைக்க முடியும், நடுவில் அணைத்தால் கப்பல் போய்விடும். மணி இரண்டு ஐம்பது. ஒரு நாளும் நான் நடை திறக்கத் தாமதித்ததில்லை. தண்ணீர் பத்தொன்பது; காற்று நின்றபின் ஆட்டத்தில் ஒரு நாள் நகரப் பத்து நிமிஷம் ஆயிற்று. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பையிலிருந்து கவரை எடுத்தபோது என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது.

"கப்பல் கரை சேந்தா இதை வாசல் பெட்டியில போட்டுடும். முழுகினா கிழிச்சுடும்."

பாக்கியசீலன் விலாசத்தைப் படித்தார். சிங்கப்பூர் விஷயம் அவருக்குத் தெரியும். "வெளயாட்டுக்குச் சொல்லுதீரா?"

"இல்லை. நீர் ஓட்டப்படாது, தொடப்படாது. பாத்துண்டு இருந்தா போதும்."

"என் தலையில ஏத்துதீரே சாமி" என்றார். ஆனாலும் கவரை வாங்கிக் கீபோர்டுக்கு அடியில் வைத்தார். நான் படியிறங்கும்போது மேலிருந்து குரல் வந்தது. "கரண்டு போச்சுன்னா என்னவே செய்ய? பேட்டரி செத்துல்லா கெடக்கு."

வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடி ஏறிவிட்டேன். சேரன்மகாதேவியில் எஸ்.டி.டி. பூத் ஒன்று ஜன்னலுக்கு நேரே நின்றது. இறங்கிப் பேசிவிடலாம், வேண்டாம் போடாதீர் என்றோ, இப்போதே போடும் என்றோ. எதைச் சொல்வது என்று தெரிந்தால் இறங்கியிருப்பேன்.

ஆற்றில் முழுகி, ஈர வேட்டியோடு நடை திறந்தபோது ஐந்தடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. வாசலில் பேச்சித்தாய் மட்டும் நின்றாள், வயல் வேலைக்குப் போகிறவள். மகளை உடன்குடிப் பக்கம் கேட்டிருக்கிறார்களாம், விடிந்தால் பதில் சொல்ல வேண்டுமாம்.

"அவ்வளவு தூரம் குடுக்கணுமான்னு மனசு கெடந்து அடிக்குது சாமி. பூக்கட்டிப் பாத்துச் சொல்லுங்க."

துளசி ஒன்று, அரளி ஒன்று. மடித்து, குலுக்கி, திருவடியில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுக்கக் கை நீட்டியபோது மின்விசிறி நின்றது, மண்டபத்து பல்பு அணைந்தது.

"கரண்டு போயிட்டு" என்றாள் பேச்சித்தாய். "வெளக்குதான் எரியுதே, எடுங்க சாமி."

"வண்ணார்பேட்டையிலயும் போயிருக்குமோ?"

"அது எனக்கு எப்படி சாமி தெரியும்?"

நெய் விளக்கு மட்டும் எரிந்தது. இரண்டு பொட்டலங்களும் அங்கேதான் இருந்தன. என் கை அவற்றைத் தாண்டிப் போய், இடது முழங்காலுக்குக் கீழே இருந்த அந்தப் பொளிவைப் பிடித்துக்கொண்டது. காலையில் தடவிய எண்ணெய் இன்னும் காயவில்லை. வாசல்படிக்கு அப்பால் பேச்சித்தாய் ஏந்திய உள்ளங்கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.